மரச் சன்னலைத் தொடாதீர்கள்!

கேள்வி: அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில், 1908-இல் கட்டிய இரண்டடுக்குச் செங்கல் கட்டடத்தை 3 லட்சம் டாலருக்கு வாங்கியிருக்கிறோம். அதில் நிலத்தின் மதிப்பு 60,000. கீழே கடை, மேலே இரண்டு குடித்தனம் என்று வாடகைக்கு விட்டு, பிற்பாடு ஒன்றில் நாங்களே குடியேறலாம் என்று எண்ணம். வரலாற்றுப் பழமையுள்ள கட்டடம் என்பதால் புதுப்பிக்கும் செலவில் 20 சதவீதத்தை அரசு தந்துவிடும் என்கிறார் நண்பர். சன்னல்களை மாற்றி, செங்கல்லை மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்து, அடுத்த மாதமே தொடங்கலாம் என்கிறார் கான்ட்ராக்டர். நம்பலாமா?
- ஒரு வாசகி

பதில்: நண்பரைப் பாதி நம்புங்கள். கான்ட்ராக்டரை உடனே நிறுத்துங்கள்.

அரசு கையில் பணம் தராது. நீங்கள் கட்ட வேண்டிய மத்திய வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதுவும் 2017-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு ஒரே ஆண்டில் கிடையாது, ஐந்து தவணை. 3 லட்சம் டாலர் செலவழித்தால் சலுகை 60,000, ஆண்டுக்கு 12,000. கட்டடம் வாங்கிய விலையும், பின்பக்கம் புதிதாக இழுத்துக் கட்டும் அறையும் இந்தக் கணக்கில் சேராது.

குறைந்தபட்சச் செலவு ஒன்று உண்டு. நிலத்தைக் கழித்தால் உங்கள் கட்டடத்தின் மதிப்பு 2,40,000. அதற்கு மேல், பொதுவாக 24 மாதங்களுக்குள், செலவாகியிருக்க வேண்டும். சுண்ணாம்பு அடித்துக் கதவுக்குப் பாலிஷ் போட்டு இந்தச் சலுகையை வாங்க முடியாது! கட்டடமும் வரலாற்றுச் சிறப்புள்ள இடங்களின் தேசியப் பதிவேட்டில் தனியாகவோ, பதிவான பழைய வட்டாரம் ஒன்றின் அங்கமாகவோ இருக்க வேண்டும். மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது சன்னல். விண்ணப்பத்துக்கு மூன்று பகுதிகள்: கட்டடத்தின் தகுதி, செய்யப்போகும் வேலை, முடிந்த வேலை. முடிவு சொல்வது தேசியப் பூங்காத் துறை. இரண்டாம் பகுதிக்கு ஒப்புதல் வருமுன் வேலையைத் தொடங்கினால் நஷ்டம் உங்கள் தலையில். என்னிடம் கணக்குப் பார்க்க வந்த ஒருவர், சுவருக்குள் எடைக்கட்டி தொங்க, கயிற்றில் ஏறி இறங்கும் மரச் சன்னல்களையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு பிளாஸ்டிக் சன்னல் மாட்டிய பிறகுதான் வந்தார். "பழையது காற்றை உள்ளே விட்டதே ஐயா" என்றார். சலுகை போயிற்று. உளுத்த கட்டையை மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

மணல் பீய்ச்சுவது அதைவிட மோசம். சூளையில் வெந்த மேல்தோல் போய்விட்டால் செங்கல் தண்ணீரைக் குடிக்கும். உங்கள் மிசௌரி மாநிலக் குளிரில் அது உறைந்து, கல் பொரிந்து உதிரும். செங்கல் இடுக்குகளை அடைக்கும் பாயின்டிங்குக்கும் கெட்டி சிமென்ட் வேண்டாம், சுண்ணாம்பு சேர்ந்த மென்மையான கலவை போதும்.

நீங்களே குடியேறும் ஆசையை ஐந்து ஆண்டு தள்ளிப்போடுங்கள். அதற்குள் விற்றாலும் குடியேறினாலும் சலுகையை முழுதாகவோ பகுதியாகவோ திருப்பிக் கட்ட நேரும். குடும்ப வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டினால் உடனே கழிக்கக்கூடிய தொகை சுருங்கத் தொடங்கும். அதை உங்கள் ஆடிட்டரிடம் முதலிலேயே கேளுங்கள். மிசௌரி மாநிலத்துக்கென்று தனிச் சலுகையும் இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். எதையும் கழற்றுமுன் ஒவ்வொரு அறையையும், ஒவ்வொரு சன்னலையும் உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். பழைய நிலையைக் காட்டும் படம் இல்லாத விண்ணப்பம் அப்படியே கிடப்பில் கிடக்கும்.