அப்பாவுக்குப் புரியாதா?

கேள்வி: சென்னையில் தத்துவத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். வெள்ளிக்கிழமைதோறும் துறையில் செமினார். ஒருவர் முக்கால் மணி நேரம் கட்டுரை வாசிப்பார், அப்புறம் கேள்வி நேரம். சக மாணவர்கள் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்குகிறார்கள், நான் இதுவரை வாயே திறக்கவில்லை. போன வாரம் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் பற்றிய உரை. ஒரு சந்தேகம் தோன்றியும் கேட்காமலே வந்துவிட்டேன். ராத்திரி போனில் அப்பா, "இன்னிக்கு என்னப்பா பேசினாங்க?" என்பார். பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், அவருக்கு இதெல்லாம் புரியாது, "சும்மா ஏதோ" என்று வைத்துவிடுவேன். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்தால் இந்தப் பயம் போகுமா?
- ஆய்வு மாணவர், சென்னை

பதில்: தாராளமாகச் சேருங்கள் தம்பி. ஆனால் பயம் அங்கே போகாது. எனக்கு உறுத்திய இடம் வேறு. "அவருக்கு இதெல்லாம் புரியாது" என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். ஒரு தடவையாவது சொல்லிப் பார்த்தீர்களா?

கெட்டியர் 1963இல் எழுதியது மூன்றே பக்கக் கட்டுரை. ஒருவர் நம்புவது உண்மையாகவும் இருக்கிறது, அப்படி நம்பத் தக்க காரணமும் இருக்கிறது. அது போதுமா, அவருக்கு விஷயம் தெரியும் என்று சொல்ல? போதாது என்று காட்டினார். அவருக்கு முன்பே பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ரஸ்ஸல் சொன்ன உதாரணம் ஒன்று உண்டு. கடிகாரம் 10.20இல் நின்றுபோயிருக்கிறது. அது தெரியாத ஒருவர் சரியாக 10.20க்கு அதைப் பார்க்கிறார். அவர் நினைப்பது சரியான நேரம்தான். ஆனாலும் அவருக்கு நேரம் தெரியும் என்பீர்களா?

வேலைக்காலம் முழுக்கக் கடிகாரத்தைப் பார்த்து பஸ் அனுப்பிய மனிதரிடம் இதைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லையே! "கடிகாரம் ஓடுதான்னு பார்க்காம எவன் டைம் போடுவான்?" என்று அவர் திருப்பிக் கேட்கலாம். அப்படிக் கேட்டால் அது அசல் செமினார் கேள்வி. சோதிக்காத காரணம் தக்க காரணமாகுமா? எவ்வளவு சோதித்தால் போதும்?

உங்களுக்குத்தான் எடுத்துச் சொல்ல வரவில்லை. அதை அவருக்குப் புரியாது என்று அவர் தலையில் கட்டிவிட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. பிள்ளையின் படிப்பில் பெற்றவருக்குப் பங்கு உண்டு. மாதாமாதம் பணம் அனுப்பச் சொல்லவில்லை, உதவித்தொகையில் ஆய்வு மாணவர்கள் படும் பாடு தெரியும். படித்ததைச் சொல்வது அதற்கும் முந்தைய கடமை.

அருணந்தி சிவாசாரியார் தம் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில், அதாவது பிறர் கொள்கைகளை ஆராயும் பகுதியில், 14 மதங்களை எடுத்துக்கொண்டு, அவரவர் கொள்கையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்கிறார். அடுத்தவர் வாதத்தை அவரே தலையாட்டும்படி சொல்லத் தெரிந்துவிட்டால், அதில் எங்கே இடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அந்தப் பயிற்சிக்கான ஆள் தினமும் போனில் கேட்கிறார், நீங்கள் வைத்துவிடுகிறீர்கள்.

அடுத்த உரையின் தலைப்பு முன்கூட்டியே தெரியும் அல்லவா? வியாழக்கிழமை ராத்திரி நீங்களாகக் கூப்பிடுங்கள். பத்து நிமிடம், தமிழிலேயே சொல்லுங்கள். "இரு இரு" என்று அவர் எங்கே நிறுத்துகிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் கேள்வி நேரத்தில் கை தூக்குங்கள். ஆங்கிலம் தடுக்கினால் இரண்டு வரி எழுதிவைத்து வாசியுங்கள். பேச வந்தவரே பார்த்துத்தானே வாசிக்கிறார்! என்ன பதில் வந்தது என்று அன்றைக்கே அப்பாவிடம் சொல்லியாக வேண்டும், கேள்வி அவருடையது.