அக்காவின் பங்கும் லைலத்துல் கத்ர் இரவும்

மரியாதைக்குரிய அண்ணன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்துக்கு அருகில் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். மண்டி வியாபாரமும் உண்டு. சிறு வயது முதல், ஷஅபான் பதினைந்தாம் இரவான பராஅத் இரவையும், லைலத்துல் கத்ர் என்று கருதப்படும் ரமலான் இருபத்தேழாம் இரவையும் நான் தவறவிட்டதில்லை. இந்த ஆண்டு பராஅத் அன்று பள்ளிவாசலில் குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை மூன்று முறை ஓதிவிட்டுத் திரும்பியபோது, கல்லூரியில் படிக்கும் என் அண்ணன் மகன், இதற்கெல்லாம் ஆதாரமே இல்லை என்று சொல்லப்போய் வாக்குவாதமாகிவிட்டது.

அதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. அத்தா விட்டுச்சென்ற ஐந்து ஏக்கர் தோப்பை நானும் அண்ணனும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அம்மா முன்பே காலமாகிவிட்டார். தர்மபுரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் அக்காவைக் கேட்டபோது, “எனக்கு ஒன்றும் வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்” என்றார். விவசாய நிலத்தில் நம் பெண்களுக்குப் பங்கு வராது என்று பத்திரம் எழுதுபவரும் சொன்னார். அதன் பிறகு அக்கா எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. பெருநாளன்று போன் செய்தாலும் எடுப்பதில்லை. விடிய விடியத் தொழுதாலும் மனம் ஆறவில்லை. இருபத்தேழாம் இரவில் எத்தனை ரக்அத் (தொழுகைச் சுற்று) தொழுது, எதை ஓதினால் இது மன்னிக்கப்படும்?

பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

வ அலைக்குமுஸ் ஸலாம். நான் மார்க்கம் கற்ற ஆலிம் அல்லன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமானால் உங்கள் பள்ளிவாசல் இமாமிடம், கடிதத்தில் எழுதியதை ஒன்று விடாமல் சொல்லிக் கேளுங்கள். படித்தும் பெரியவர்களிடம் கேட்டும் அறிந்த அளவில் என் கருத்தைச் சொல்கிறேன்.

அண்ணன் மகனோடு நடந்த வாக்குவாதத்தை முதலில் முடித்துவிடலாம். ஷஅபான் பதினைந்தாம் இரவைப் பற்றிய அறிவிப்புகளின் பலம் குறித்து ஹதீஸ் (நபிமொழி) அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. அந்தப் பையன் சொல்வதற்கும் இடமிருக்கிறது, உங்கள் வழக்கத்துக்கும் இடமிருக்கிறது. இதற்காக வீட்டுக்குள் ஒரு பகை வேண்டாம். ஆனால் அந்த இரவின் சிறப்புக்கு நம்மவர்கள் எடுத்துக்காட்டும் இப்னு மாஜா என்ற ஹதீஸ் தொகுப்பின் அறிவிப்பையே பாருங்கள்: அன்றிரவு இறைவன் தன் படைப்புகள் அனைவரையும் மன்னிக்கிறான், இணை வைப்பவனையும் நெஞ்சில் பகையைச் சுமப்பவனையும் தவிர. அந்த இரவை ஏற்பவர்கள்தான் இந்த விதிவிலக்குக்கு முதலில் அஞ்ச வேண்டும்.

லைலத்துல் கத்ரில் இந்தச் சர்ச்சை இல்லை. குர்ஆனின் 97ஆம் அத்தியாயம் அதற்காகவே அருளப்பட்டது. அந்த ஓர் இரவு ஆயிரம் மாதங்களை, அதாவது 83 ஆண்டு 4 மாதங்களைவிடச் சிறந்தது. நம்பிக்கையோடும் நற்கூலியை எதிர்பார்த்தும் அன்றிரவு நின்று வணங்குபவரின் முந்தைய பாவங்கள் மன்னிக்கப்படும் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ள ஹதீஸ். அது எந்த இரவு என்பதில்தான் திட்டவட்டம் இல்லை. நபித்தோழர் உபை இப்னு கஅப் (ரலி) இருபத்தேழு என்று சத்தியமிட்டே சொன்னார். ரமலானின் கடைசிப் பத்து நாட்களின் ஒற்றைப்படை இரவுகளில் தேடுங்கள் என்பது நபிகளாரின் பொதுவான அறிவுரை. நம் பக்கத்து ஊர்களில் இருபத்தேழாம் இரவுக்குப் பள்ளிவாசல் கொள்ளாத கூட்டம் வருகிறது, குர்ஆனை மனனமாக ஓதி முடித்த ஹாஃபிழுக்குச் சால்வை போர்த்துகிறோம், இனிப்புப் பொட்டலம் வாங்கிக்கொள்கிறோம். இருபத்தொன்பதாம் இரவிலோ இரண்டு வரிசை நிறைவதே பெரும்பாடு.

அந்த இரவு ஏன் நமக்கு மறைக்கப்பட்டது என்பதற்குப் புகாரியில் உபாதா இப்னு ஸாமித் (ரலி) அறிவிக்கும் ஒரு செய்தி இருக்கிறது. லைலத்துல் கத்ர் எது என்று தோழர்களுக்கு அறிவிப்பதற்காக நபிகளார் வெளியே வருகிறார்கள். அப்போது முஸ்லிம்கள் இருவர் சச்சரவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னாரும் இன்னாரும் சண்டையிட்டதால் அந்த அறிவு எடுக்கப்பட்டுவிட்டது, அது உங்களுக்கு நன்மையாகவும் இருக்கலாம் என்று சொல்லி, கடைசிப் பத்தில் தேடும்படி நபிகளார் அறிவுறுத்துகிறார்கள். இரண்டு பேரின் சச்சரவுக்காக உம்மத் (முஸ்லிம் சமுதாயம்) முழுவதும் அந்தத் தேதியை இழந்திருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு நினைவு வந்தது இந்தச் செய்திதான்.

எத்தனை ரக்அத் என்று கேட்கிறீர்கள். அக்காவின் பங்கைப் பொறுத்தவரை எத்தனை ரக்அத்தும் போதாது என்பதுதான் என் பதில். இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் நான் சொந்தமாகச் சொல்வதில்லை. தவ்பாவுக்கு (பாவமன்னிப்புக் கோருவதற்கு) மூன்று நிபந்தனைகளை ஹதீஸ் அறிஞர் இமாம் நவவீ சொல்கிறார்: பாவத்தை விடுவது, அதற்காக வருந்துவது, இனி செய்வதில்லை என்று உறுதிகொள்வது. அடுத்த மனிதருடைய உரிமை அதில் இருந்தால் நான்காவதாக ஒன்று சேர்கிறது. உரியவரிடம் அதைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும். இறைவழியில் உயிரையே கொடுத்த ஷஹீதுக்கும் கடன் மட்டும் மன்னிக்கப்படுவதில்லை என்று முஸ்லிமில் ஹதீஸ் இருக்கும்போது, நம்முடைய நஃபில் எனும் உபரித் தொழுகை எம்மாத்திரம்?

“அவரே வேண்டாம் என்றாரே” என்பதுதான் உங்கள் மனம் பிடித்துத் தொங்கும் கிளை. தம்பிகள் இருவரும் உறவினர்களைச் சுற்றிலும் உட்காரவைத்து, எழுதி முடித்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு, “அக்கா, உனக்கு ஏதாவது வேண்டுமா?” என்று கேட்டால், நாளைக்குப் பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமோ என்று அஞ்சும் எந்தப் பெண்தான் வேண்டும் என்று சொல்வாள்? மனம் ஒப்பிக் கொடுத்தாலன்றி ஒரு முஸ்லிமின் பொருள் அடுத்தவருக்கு ஆகுமானதல்ல என்று நபிமொழி இருக்கிறது. கூச்சத்துக்காகவும் உறவுக்காகவும் சகோதரிகள் வாயளவில் விட்டுக்கொடுப்பதை ஏற்க முடியாது என்று ஆலிம்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். மனம் ஒப்பித்தான் கொடுத்தார் என்றால், அதன் பிறகு ஏன் அவர் உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை?

பத்திரம் எழுதுபவர் சொன்னதும் தவறு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கியே வைத்திருந்தது என்பது உண்மை. ஆனால் சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த விலக்கை நீக்கிவிட்டது. சட்டத்துக்கு முன்பே குர்ஆன் பேசிவிட்டது. ஆணுக்கு இரு பெண்களின் பங்கு என்கிறது நான்காம் அத்தியாயத்தின் 11ஆம் வசனம். நீங்கள் எழுதியுள்ளபடி வாரிசுகள் இரு மகன்களும் ஒரு மகளும் மட்டுமே என்றால், கடன் போக மீதியை ஐந்தாக்கி, மகன்களுக்கு இரண்டிரண்டும் மகளுக்கு ஒன்றும் தர வேண்டும். ஐந்து ஏக்கரில் ஒரு ஏக்கர் அக்காவுடையது. அந்த ஒரு ஏக்கரில் இத்தனை பருவங்களாகக் காய்த்த பெங்களூரா மாங்காயும் அவருடையதே; கூழ் தொழிற்சாலைக்கு லோடு ஏற்றிய சீட்டுகள் மண்டிக்காரரான உங்களிடம் இல்லாமலா போகும்?

அண்ணன் சம்மதிக்க மாட்டார் என்று காத்திருக்க வேண்டாம். ஆளுக்கு இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறீர்கள் என்றால் அக்காவின் நிலத்தில் அரை ஏக்கர் உங்கள் கையில் இருக்கிறது. அதைக் கொடுக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அண்ணனிடமும் எடுத்துச் சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் அது அவருடைய கணக்கு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். “தெரிந்தோ தெரியாமலோ நான் செய்த தவறுகளை மன்னித்துவிடுங்கள்” என்று பராஅத் நேரத்தில் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க ஒரு செய்தி சுற்றுகிறதே, அப்படி ஒன்றை அக்காவுக்கு அனுப்பிவிடாதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து தர்மபுரிக்கு ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். நேரில் போங்கள், கணக்கோடு போங்கள். கோபித்துக்கொண்டால் கேட்டுக்கொள்ளுங்கள், கதவைத் திறக்கவில்லை என்றால் இன்னொரு நாள் போங்கள். பங்கு கைக்கு வந்த பிறகு அவர் மனமுவந்து உங்களுக்குத் திருப்பித் தந்தால் அது வேறு விஷயம். அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

என்ன ஓதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த இரவை அடைந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று ஆயிஷா (ரலி) கேட்டதற்கு நபிகளார் கற்றுத்தந்த துஆ (பிரார்த்தனை) திர்மிதி தொகுப்பில் இருக்கிறது: “அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஅஃபு அன்னீ.” இறைவா, நீ மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புபவன், என்னை மன்னித்துவிடு என்பது அதன் பொருள். உடம்பு தாங்குகிற அளவுக்குத் தொழுது, இதைக் கடைசிப் பத்து முழுவதும் கேளுங்கள்.

நிலத்தை அளக்க சர்வேயர் வரவும் பத்திரம் பதிவாகவும் நாளாகும். பூ பார்த்துத் தோப்பைக் குத்தகை பேசுகிற காலம் இது. உங்கள் பாதியைப் பேசும்போதே அந்த அரை ஏக்கரின் காய்ப்பை அக்கா பேருக்கு ஒதுக்கிவிடுங்கள். பழைய பாக்கி எவ்வளவு, நிலத்தை எப்போது எழுதித் தருவீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி, இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட்டு, கடைசிப் பத்து தொடங்குவதற்குள் அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.