தூங்க வைக்கும் டிரம்பெட்

வணக்கம் சார்,

போன மாதம் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் ‘மாரே நோஸ்ட்ரும்’ என்ற ஜாஸ் ஆல்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பிடித்துக் கேட்டேன். டிரம்பெட், அக்கார்டியன், பியானோ, அவ்வளவுதான். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மூன்று ராத்திரி முயன்றும் நாலாவது துண்டைத் தாண்ட முடியவில்லை, தூங்கிவிடுகிறேன். “பெரிய ஓட்டல் லாபியில் இப்படித்தான் போடுவான்” என்கிறாள் என் மனைவி. நான் ஜாஸ் என்று நினைத்திருந்தது வேகமும் வியர்வையுமான ஒன்றை. டிரம்ஸே இல்லாமல் இது எப்படி ஜாஸ் ஆகும்? இதில் எதைக் கேட்க வேண்டும்? நல்ல ஸ்பீக்கர் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

ஆர்., ஓசூர்

அன்புள்ள ஆர்.,

தூங்கியதற்கு வருத்தப்படாதீர்கள். நானும் தூங்கியிருக்கிறேன். உங்கள் வீட்டம்மா சொன்னதிலும் பாதி சரி. அந்த ஆல்பத்தில் இரண்டு மூன்று துண்டுகள் எனக்கும் தித்திப்பு ஜாஸ்தி. மீதிப் பாதிக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். டிரம்பெட் பாவ்லோ ஃப்ரேசு, இத்தாலியின் சார்டீனியா தீவுக்காரர். அக்கார்டியன் ரிஷார் கலியானோ, பிரான்சின் தெற்குக் கரையில் கான் நகரில் பிறந்தவர். பியானோ யான் லுண்ட்கிரென், ஸ்வீடன். ஏசிடி என்ற ஜெர்மன் இசை நிறுவனம் 2007இல் வெளியிட்டது. பிறகு 2016இலும் 2019இலும் அதே பெயரில் இரண்டாவதும் மூன்றாவதும் வந்தன. ‘மாரே நோஸ்ட்ரும்’ என்றால் லத்தீனில் ‘நம் கடல்’. ரோமானியர்கள் மத்தியதரைக் கடலை அப்படித்தான் அழைத்தார்கள். ஸ்வீடன்காரருக்கு அந்தக் கடலில் என்ன பாத்தியதை என்று எனக்கும் தோன்றியதுண்டு. அவருக்கு பால்டிக் கடல் இருக்கிறது, போகட்டும்.

ஃப்ரேசு பிறந்தது பெர்கிடா என்ற சின்ன ஊர். பதினோரு வயதில் ஊர் பேண்டில் சேர்ந்தார். ஊர் பேண்டு என்றால் ஏறக்குறைய நம் ஊர் பேண்டு செட்தான், திருவிழா ஊர்வலமும் உண்டு, சவ ஊர்வலமும் உண்டு. பெரிய ஆளான பிறகும் ஊரை விடவில்லை, 1988இல் அங்கேயே ஒரு ஜாஸ் விழாவைத் தொடங்கினார். தெருவில் நடந்துகொண்டே, நாலு வீதி தள்ளிக் கேட்கும்படி ஊதப் பழகியவர் இவர். இந்த ஆல்பத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் காதில் சொல்வதுபோல ஊதுகிறார். டிரம்பெட்டில் சத்தமாக ஊதுவது சிரமம், மெதுவாக ஊதுவது அதைவிடச் சிரமம். உதட்டு அதிர்வுதான் அதன் சுரம். காற்றைக் குறைத்தால் அதிர்வு தடுமாறும், சுரம் உடையும். ஃப்ரேசு அந்த உடையும் விளிம்பிலேயே நிற்கிறார். சில இடங்களில் சுரத்துக்கு முன்னால் வெறும் காற்று வருவது கேட்கும். அதைப் பதிவின் குறை என்று நினைத்துவிடாதீர்கள்.

சில இடங்களில் குரல் மூக்கடைத்த மாதிரி, தொலைபேசியில் வருகிற மாதிரி மெலிந்து ஒலித்தால் அது மியூட். டிரம்பெட்டின் விரிந்த வாயில் செருகும் அலுமினியக் கிண்ணம். அதன் கழுத்தைச் சுற்றிலும் தக்கை இருப்பதால் காற்று முழுக்க அந்தக் கிண்ணத்துக்குள் புகுந்துதான் வெளியே வர வேண்டும். நடுவில் உள்ள குழாயை உருவிவிட்டு மைக்குக்கு நெருக்கமாக ஊதி அதைத் தன் குரலாகவே ஆக்கிக்கொண்டவர் அமெரிக்க ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ். இன்னும் உருண்டையாக, முனை மழுங்கி வந்தால் அது டிரம்பெட் அல்ல, அதன் உறவுக்காரக் கருவியான ஃப்ளூகல்ஹார்ன். ஃப்ரேசு இரண்டையும் மாற்றி மாற்றி எடுப்பவர்.

இனி அக்கார்டியன். நான் சொல்ல வந்த விஷயமே இங்கேதான் இருக்கிறது.

கலியானோவின் அப்பாவே அக்கார்டியன் ஆசிரியர். பையன் நாலு வயதில் தொடங்கிவிட்டான். அன்றைய பிரான்சில் அக்கார்டியன் என்றால் ம்யூசெட், அதாவது நடன மண்டபத்து வால்ட்ஸ். ஒரே சுரத்துக்கு இரண்டு மூன்று ரீடுகளை, அதாவது மெல்லிய உலோக நாக்குகளை வைத்து, ஒன்றை ஒன்று மயிரிழை விலக்கிச் சுருதி சேர்த்திருப்பார்கள். அதனால்தான் அந்த நடுக்கம், பாரிஸ் தெருவைக் காட்டும் எல்லாப் படங்களிலும் வருமே, அது. இந்தச் சூழலில் வளர்ந்த பையன் பதினாலு வயதில் கிளிஃபர்ட் பிரவுனின் இசைத்தட்டைக் கேட்கிறான். பிரவுன் அமெரிக்க டிரம்பெட்காரர். 1956இல் கார் விபத்தில் போனபோது வயது இருபத்தைந்து. ஆக, பையன் கேட்டது செத்து எட்டு ஒன்பது வருடம் ஆன ஒருவரின் மூச்சை. அவர் தனியாக வாசித்த சோலோக்களை ஒன்று விடாமல் அக்கார்டியனில் பிரதியெடுக்கத் தொடங்கினான்.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன் என்றால், அக்கார்டியனுக்கு இது இயல்பான வேலையே அல்ல. ஒரு விரலுக்கு ஒரு கார்டு (பல சுரங்கள் சேர்ந்த கொத்து), இரு கைக்கு ஒரு முழு வாத்தியக்குழு என்று அள்ளிக் கொட்டக்கூடிய கருவி அது. டிரம்பெட்டால் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் முடியும், நடுவில் மூச்சும் வாங்க வேண்டும். அந்த ஏழைக் கருவியிடம் போய் இந்தப் பணக்காரக் கருவி பாடம் கற்றிருக்கிறது. எங்கே நிறுத்துவது, எந்தச் சுரத்தை அழுத்துவது, எதை விழுங்குவது எல்லாமே அங்கிருந்து வந்தவைதான். கலியானோ வலது கையில் ஒற்றை வரியாகப் பின்னிக்கொண்டு போகும்போது கேளுங்கள், விரல்களுக்குள் ஒரு டிரம்பெட்காரர் உட்கார்ந்திருப்பார். அப்போது இந்த ஆல்பத்தில் டிரம்பெட் ஒன்றல்ல, இரண்டு. பின்னாளில் அர்ஜென்டினாவின் டாங்கோ இசைக்காரர் பியாசோலா, தான் டாங்கோவைப் புதுப்பித்ததுபோல நீ ம்யூசெட்டைப் புதுப்பி என்று அவருக்குச் சொன்னதும், 1991இல் கலியானோவின் ‘நியூ ம்யூசெட்’ ஆல்பம் வந்ததும் தனிக்கதை.

நமக்கு இதைப் புரிந்துகொள்ள ஒரு குறுக்குவழி உண்டு. ஆர்மோனியம் பார்த்திருப்பீர்கள். அக்கார்டியனிலும் அதே வகை உலோக ரீடுதான், காற்றில் துடிப்பது. ஆனால் ஆர்மோனியத்துக்குள் இன்னொரு துருத்தி, ஸ்பிரிங் வைத்து ஒளிந்திருக்கிறது. நாம் அடிக்கும் காற்றை அது வாங்கி வைத்துக்கொண்டு சீராக விடும். கை தடுமாறினாலும் பாட்டுக்காரருக்குத் தெரியாது. அக்கார்டியனில் அந்தச் சேமிப்பு கிடையாது. இடது கை இழுப்பது அப்படியே சத்தமாகிவிடும், கை நடுங்கினால் சுரம் நடுங்கும். இழுப்பிலிருந்து தள்ளலுக்குத் துருத்தி திரும்பும் இடத்தில் ஒரு சிறு மூச்சு விழும். ஃப்ரேசுவுக்கோ மூக்கால் இழுத்துக்கொண்டே இடைவெளி இல்லாமல் ஊதும் வித்தை தெரியும். ஆக, அவர் நிறுத்துகிறார் என்றால் மூச்சு முட்டி அல்ல, வேண்டுமென்றேதான். இந்த இரண்டு மூச்சுகளும் எங்கே சேர்ந்து விழுகின்றன, எங்கே ஒன்று நிற்க இன்னொன்று தொடர்கிறது என்று பாருங்கள். எதைக் கேட்க வேண்டும் என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான்.

அப்புறம் டிரம்ஸ். டிரம்ஸ் இருந்தால் தாளம் ஒருவர் பொறுப்பு, மற்றவர்கள் அதன்மேல் ஏறி விளையாடலாம். இங்கே டிரம்ஸும் இல்லை, அடிச்சுரம் பிடிக்கும் பேஸும் இல்லை. பியானோவின் இடது கை கொஞ்ச நேரம் சுமக்கும், பிறகு அக்கார்டியன் வாங்கிக்கொள்ளும், சில சமயம் யாருமே சுமக்காமல் மூவர் மனதிலும் மட்டும் ஓடும். நம் ஊரில் மைக் இல்லாமல் ஒரு கூடத்தில் முப்பது பேருக்கு நடக்கும் சேம்பர் கச்சேரி கேட்டிருந்தால் இந்த நெருக்கம் புரியும். இது ஜாஸா என்ற கேள்விக்கு ஆல்பத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. முதல் ஆல்பத்தில் ஒரு ஸ்வீடன் நாட்டுப்பாடல் வருகிறது, வெர்ம்லாண்ட் பகுதியைப் பற்றியது. அமெரிக்க சாக்ஸஃபோன்காரர் ஸ்டான் கெட்ஸ் 1951இல் ஸ்டாக்ஹோம் போனபோது அதைப் பதிவு செய்தார். மைல்ஸ் டேவிஸ் 1952இல் ஒரு தடவை, 1956இல் ஒரு தடவை வாசித்தார். ‘டியர் ஓல்ட் ஸ்டாக்ஹோம்’ என்ற பெயரில் அமெரிக்க ஜாஸ்காரர்களின் சொத்தாகிவிட்டது. லுண்ட்கிரென் அதைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவருகிறார். முதலில் மைல்ஸின் 1956 பதிவு, உடனே இது என்று கேட்டுப் பாருங்கள்.

தித்திப்பு போதும் என்று தோன்றினால் அமெரிக்க டிரம்பெட்காரர் டேவ் டக்ளஸின் ‘சார்ம்ஸ் ஆஃப் தி நைட் ஸ்கை’ (1998). டிரம்பெட், கை க்ளூசெவ்செக் என்பவரின் அக்கார்டியன், வயலின், பேஸ். இதிலும் டிரம்ஸ் இல்லை, ஆனால் புளிப்பு உண்டு. இன்னும் துணிச்சல் இருந்தால் நார்வே அக்கார்டியன்காரர் ஃப்ரோடே ஹால்ட்லியின் ‘பாசிங் இமேஜஸ்’ (2007). அதில் ஆர்வே ஹென்ரிக்சனின் டிரம்பெட்டைப் புல்லாங்குழல் என்று சத்தியம் செய்வீர்கள். இதை ராத்திரியில் தனியாகக் கேட்க வேண்டாம், கொஞ்சம் பயமாக இருக்கும்.

ஸ்பீக்கர் வாங்க வேண்டாம். மின்விசிறியை நிறுத்துங்கள். நான் முதல் மூன்று மாதம் இந்த ஆல்பத்தை விசிறிக்கு அடியில்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். மே மாதத்தில் ஒருநாள் மின்வெட்டு, போனில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வியர்த்துக் கொட்டியது, ஆனால் துருத்தி திரும்பும் சத்தம் அன்றைக்குத்தான் கேட்டது.