பெயரை மறைத்துப் படித்தால்

அன்புள்ள ஐயா,

கல்லிடைக்குறிச்சியைச் சேர்ந்த நான் ராணுவத்தில் கேப்டனாக இருக்கிறேன். என் கீழுள்ள ஏழு ஹவில்தார்களுக்கான ஏ.சி.ஆர். என்னும் ஆண்டு ரகசிய அறிக்கையை இம்முறை முதன்முதலாக நான் எழுத வேண்டும். ஏழையும் எழுதி வைத்துப் படித்தால் ஒன்றையே ஏழு முறை படித்தது போலிருக்கிறது. இத்தனைக்கும் ஏழு பேரும் ஏழு விதம். அவர்களில் ஒருவர், நள்ளிரவில் ஜெனரேட்டர் நின்றபோது டார்ச் வெளிச்சத்தில் நாற்பது நிமிடத்தில் அதை ஓடவைத்துவிட்டு, காலையில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர். என் அலுவல் கடிதங்களும் திருத்தம் போடப்பட்டுத் திரும்பி வருகின்றன. நீங்கள் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

தங்கள் வாசகர்

அன்புள்ள கேப்டன் அவர்களுக்கு,

தங்கள் பெயரையும் பிரிவையும் நீக்கிவிட்டே கடிதத்தை வெளியிடுகிறேன்.

என் தந்தை சேரன்மகாதேவியில் பத்திரம் எழுதியவர். அவர் எழுதிய எந்தக் கிரயப் பத்திரத்திலும் ‘நல்ல வயல்’ என்ற சொல்லை நான் கண்டதில்லை. கன்னடியன் கால்வாய்க்கு வடக்கு, இன்னார் நஞ்சைக்கு மேற்கு என்று நான்கு மாலும் (எல்லையும்), புல எண்ணும், ஏக்கர் சென்ட் அளவும்தான் இருக்கும். ஏனென்றால் அந்த வயலை ஒருநாளும் மிதித்திராத ஒருவர், ஐம்பது ஆண்டு கழித்து, அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். தங்கள் அறிக்கையைப் படிக்கப்போகிறவரும் அப்படிப்பட்டவர்தான். ஹவில்தாரை அடுத்த படியான நாயப் சுபேதாராக உயர்த்தலாமா என்று அவருடைய கடந்த ஆண்டுகளின் அறிக்கைகளைப் புரட்டுகிறவர் அவருடைய முகத்தைப் பார்த்திருக்க மாட்டார். அந்தப் படி கிடைத்தால் பணிக்காலமே நீளும், ஓய்வூதியமும் மாறும் என்பது தங்களுக்குத் தெரியும்.

எங்கள் கம்பெனி கமாண்டர் ஒருவர், வரைவுகளை எழுதி முடித்ததும் பெயர் இருக்கும் இடத்தை ஒரு தாளால் மறைத்துவிட்டு, இது யாருடையது என்று தம்மையே கேட்டுக்கொள்வார். ஒருமுறை ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், எந்தப் பொறுப்பையும் மகிழ்ச்சியோடு ஏற்பவர்’ என்ற வரிகள் யாருக்கு எழுதியவை என்று அவருக்கே பிடிபடவில்லை. அதை அடித்துவிட்டு அவர் எழுதியது ஏறத்தாழ இது: ‘பனியால் சாலை மூடியிருந்த ஐந்து மாதமும் ரேஷனும் மண்ணெண்ணெயும் இவர் பொறுப்பில் இருந்தன; சாலை திறந்தபின் கணக்கெடுத்ததில் ஒரு டின்கூடக் குறையவில்லை.’ இதில் புகழ்ச்சிச் சொல் ஒன்றுமில்லை, ஆனால் நேர்மையும் உழைப்பும் படிப்பவருக்குத் தாமாகவே தெரிகின்றன. (அந்த அதிகாரியின் ஆங்கிலம் சுமார்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இது மொழித்திறன் சார்ந்த காரியமன்று.)

பொதுவான பாராட்டு கெடுதல் செய்யாது என்று எண்ண வேண்டாம். எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் செயற்பொறியாளராக இருந்த தேவ் தத் என்பவருக்கு ஓராண்டு அறிக்கையில் கிடைத்த மதிப்பீடு ‘குட்’; பதவி உயர்வுக்கு வேண்டியிருந்ததோ ‘வெரி குட்’. கேட்கும்போது பாராட்டாகத் தோன்றும் அந்தச் சொல்லே அவரை வழிமறித்தது. உச்ச நீதிமன்றம் 2008இல் அவ்வழக்கில், அரசு ஊழியரின் அறிக்கையில் இடம்பெறும் ஒவ்வொரு பதிவும் அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது; ஆனால் ராணுவ அதிகாரிகளுக்கு இது பொருந்தாது என்று அத்தீர்ப்பே விலக்கும் அளித்தது. அறிக்கை குறித்து மனக்குறை இருந்தால் ராணுவச் சட்டம், 1950இன் 26ஆம் பிரிவின்படி தங்கள் ஹவில்தார் முறையிடலாம், அதிகாரியாகிய தாங்கள் 27ஆம் பிரிவின்படி முறையிடலாம் என்பது உண்மையே. ஆனால் அத்தகைய மனுக்கள் சிலவற்றை நான் தட்டச்சு செய்திருக்கிறேன். சம்பவம் நடந்த தேதி யாருக்கும் நினைவிருக்காது, உடனிருந்தவர்கள் வெவ்வேறு இடங்களுக்கு மாறிப் போயிருப்பார்கள், எதை வைத்து எழுதுவது என்று மனுதாரரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆகவே அறிக்கை எழுதும் வேலை, படிவம் கைக்கு வரும் மாதத்தில் தொடங்குவதன்று. ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். நல்லதோ கெட்டதோ, நடந்த வாரத்திலேயே தேதியோடு இரண்டு வரி குறித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இரண்டு மாதங்களில் கண்ணில் பட்டவர்தான் ஆண்டு முழுவதும் உழைத்தவராகத் தெரிவார். குறையை எழுத நேர்ந்தால், அதை முன்பே அவரிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் படிவத்தில் கொட்டித் தீர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கண்டிப்பு ஆகாது, கோழைத்தனம் என்பதே என் எண்ணம். இரக்கப்பட்டு ஏழு பேருக்கும் ஒரே உயர்ந்த மதிப்பீட்டைப் போடுவதும் நியாயமில்லை, ஏனெனில் அந்தத் தாராளத்தால் அதிகம் இழப்பவர் ஏழு பேரில் மெய்யாகவே சிறந்தவர்தான்.

கடிதங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பொருளையும் முந்தைய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் சரியாகக் கொடுங்கள்; ஒரு பத்திக்கு ஒரு விஷயம் என்று எண்ணிட்டு எழுதுங்கள்; என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்காதீர்கள். ஓர் அதிகாரி இன்னோர் அதிகாரிக்குப் பெயர் சொல்லி எழுதும் நேர்முகக் கடிதத்தில் (டி.ஓ. லெட்டர்) மட்டும் ‘நான்’ என்று எழுதும் உரிமை உண்டு. அதை மனத்தாங்கலைக் கொட்டுவதற்குப் பயன்படுத்தினால் திருத்தம் வரத்தான் செய்யும்.

ஏழு அறிக்கைகளும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று எழுதிய அதே கடிதத்தில், ஒருவருடைய அறிக்கைக்கான வரியைத் தாங்களே எழுதிவிட்டீர்கள். ஜெனரேட்டர், டார்ச் வெளிச்சம், நாற்பது நிமிடம். பெயரை மறைத்தாலும் அவர் யாரென்று தெரிகிறது. அந்த இரவு எந்தத் தேதி என்பதை மட்டும் லாக் புத்தகத்தில் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற ஆறு பேரைப் பற்றியும் எனக்கு எழுதுவது போலவே முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து