கிருமி காத்திருக்குமா?

அன்புள்ள ஐயா,

பாகூரில் கால் காணி கத்தரி போட்டிருக்கிறேன். காய்ப்பு நேரத்தில் பத்திருபது செடிகள் இலை பச்சையாக இருக்கும்போதே மதியத்தில் தொங்கிப்போயின. சில நாளில் செத்துவிட்டன. வேளாண் அலுவலர் ஒரு தண்டை நறுக்கி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துக் காட்டினார். பால் நூல் மாதிரி ஒன்று இறங்கியது. பாக்டீரியா வாடல் என்றார். இந்த மாதிரிக் கிருமிகள் நேரம் பார்த்துக் காத்திருந்து தாக்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். மூளையே இல்லாதது எப்படிக் காத்திருக்கும்? எழுத்தாளர் கற்பனைதானே?

ராஜவேல்

அன்புள்ள ராஜவேல்,

பாதி கற்பனைதான். ‘காத்திருக்கிறது’ என் சொல். கிருமி செய்வது தலை எண்ணுவது, அதுவும் வாசனையை வைத்து.

உங்கள் கத்தரியைக் கொன்ற ரால்ஸ்டோனியா, கொழுப்பு அமிலத்திலிருந்து செய்த ஒரு பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டபடி இருக்கும். கிருமி மண்ணில் ஒண்டியாகத் திரியும்போது அந்தப் பொருள் கலைந்து போய்விடும். வேருக்குள் புகுந்து, தண்ணீர் ஏறும் குழாய்களில் பெருகினால் அங்கேயே தேங்கும். மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி கிருமி சேர்ந்ததும், அதுவரை அடங்கிக் கிடந்த பிஎச்சிஏ என்ற கங்காணிப் புரதம் வேலையில் இறங்கும். நீந்துவதற்கான மரபணுக்கள் அடங்கும், பசை செய்யும் மரபணுக்கள் முடுக்கிவிடப்படும். டம்ளரில் நீங்கள் பார்த்த நூல் அந்தப் பசையும் கிருமியும்தான். குழாய் அடைபடுவதால் இலைக்குப் பழுக்கக்கூட நேரமில்லை, பச்சையாகவே தொங்குகிறது.

வாசனை என்றது சும்மா இல்லை. அந்தப் பொருளைச் செய்ய முடியாததால் பசையும் செய்யாத ஒரு வகைக் கிருமியை, பழுதில்லாத கிருமியின் பக்கத்தில், ஒன்றையொன்று தொடாமல் வளர்த்தார்கள். அது மறுபடி பசை செய்தது! செய்தி காற்றில் போயிருக்கிறது. 1994இல் வந்த ஆய்வு இது. பொருள் எதுவென்று 1997இல் தெரிந்தது.

முதல் நாளே பசை செய்தால் என்ன? செலவு. சாப்பாட்டில் நிறைய அதிலேயே போய்விடும். ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சத்தான குழம்பில் ஆடாமல் அசையாமல் விட்டுவைத்து, பிறகு சாயம் கலந்த தட்டில் பரப்பி வளர்த்தால், வழவழப்பான வெள்ளைக் கூட்டங்களுக்கு நடுவே சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் கிளம்பும். பிஎச்சிஏ மரபணு கெட்டுப்போனதால் பசைச் செலவு குறைந்தவை அவை. செடியில் விட்டாலும் வாட்டத் தெரியாது. அதனால் ஆய்வாளர்கள் இந்தக் கிருமியைப் பத்திரப்படுத்துவது வெறும் தண்ணீரில். சோறு போட்டால் தொழிலை மறந்துவிடுகிறது!

கூட்டம் சேர்ந்தால் திறக்கும் இது ஒரு பூட்டுதான். செடியின் உயிரணுவைத் தொட்டால் மட்டும் திறக்கும் பூட்டும் உண்டு, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சரி, உங்கள் கொல்லைக்கு வருவோம். வாடிய செடியை வேர் மண்ணோடு அள்ளி அப்புறப்படுத்துங்கள். அந்தப் பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போக வேண்டாம். அடுத்த பட்டம் அங்கே நெல் போடுங்கள். தக்காளி, மிளகாய் வேண்டாம், அவற்றையும் விடாது. மறுபடி கத்தரிதான் என்றால், சுண்டைக்காய் வேரில் ஒட்டுக் கட்டிய நாற்று நல்லது. பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் உங்களுக்கு ரொம்ப தூரமில்லை, ஒரு எட்டு கேட்டுவிட்டு வாருங்கள்.