வளர்ப்புப் பராமரிப்பில் வந்த பிள்ளை: பள்ளியிடம் என்ன கேட்கலாம், எவ்வளவு சொல்லலாம்?

கேள்வி: குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவுப்படி, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை ஏப்ரல் மாதம் முதல் நானும் என் கணவரும் வளர்ப்புப் பராமரிப்பில் வைத்திருக்கிறோம். ஜூன் மாதம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பில் சேர்க்கப் போனோம். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இல்லை, தகப்பனார் கையெழுத்து வேண்டும் என்று இழுத்தடித்து, கடைசியில் "வந்து உட்காரட்டும், பிறகு பார்க்கலாம்" என்றார்கள். இன்னும் பதிவேட்டில் பெயர் ஏறவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறாள். போன வாரம் 'என் குடும்பம்' என்று படம் வரைந்து ஐந்து வரி எழுதச் சொன்னார்களாம். தாளைக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஆசிரியையிடம் அவளைப் பற்றி எவ்வளவு சொல்வது? இதைச் செய்யுங்கள் என்று பள்ளியிடம் கேட்க எங்களுக்கு உரிமை உண்டா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உரிமை உண்டு. 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஒரு குழந்தையைத் தம் பொறுப்பிலும் பராமரிப்பிலும் வைத்திருப்பவரையே பாதுகாவலர் என்கிறது. குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு அந்தப் பொறுப்பை உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போய், குழந்தையின் கல்வி, உடல்நலம், உணவு மூன்றும் வளர்ப்புக் குடும்பத்தின் கடமை என்றே சொல்கிறது. கடமையை உங்கள் தலையில் வைத்துவிட்டுக் கையெழுத்தை மட்டும் வேறொருவரிடம் கேட்பது எந்த வகையில் நியாயம்? சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் நீங்கள் கையெழுத்திடுங்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. இது தத்தெடுப்பு அல்ல, தற்காலிகமாக வளர்க்கும் பொறுப்புதான். அவளுடைய பெயர், இன்ஷியல், தகப்பனார் பெயர் எல்லாம் ஆவணங்களில் இருப்பது போலவே இருக்கட்டும். பள்ளியில் கேள்வி வரக்கூடாதே என்ற பாசத்தில் சிலர் தங்கள் இன்ஷியலைப் போட்டுவிடுகிறார்கள். நாளைக்குச் சாதிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் என்று வரும்போது பிள்ளைதான் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும்.

இந்த வாரமே முடிக்க வேண்டிய வேலை, பதிவேட்டில் பெயர் ஏற்றுவது. "வந்து உட்காரட்டும்" என்பது கேட்க இரக்கம் போலத் தெரியும். ஆனால் பெயர் ஏறாத பிள்ளை பாடநூல் கணக்கில் இல்லை, சீருடைக் கணக்கில் இல்லை, மதிப்பீட்டிலும் இல்லை. ஆசிரியை வருகை எடுக்கும்போது எல்லாரும் "உள்ளேன்" என்று சொல்ல, தன் பெயர் மட்டும் வராமல் ஒரு பிள்ளை தினமும் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சிறுமி ஏற்கெனவே ஒரு வீட்டுக் கணக்கிலிருந்து விடுபட்டவள்.

மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழை உடனே கொடுக்க வேண்டியது பழைய பள்ளித் தலைமையாசிரியரின் பொறுப்பு. தாமதித்தால் அவர்மீதுதான் துறை நடவடிக்கை. வயதுச் சான்று இல்லை என்பதும் மறுக்கக் காரணமாகாது. நடைமுறையில் சிக்கல் பெரும்பாலும் எமிஸ் எண்ணில், அதாவது கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் அடையாள எண்ணில் இருக்கும். பழைய பள்ளி அவளைத் தன் பட்டியலிலிருந்து விடுவித்துப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பினால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிகிற வேலை இது.

அந்த அழைப்பை நீங்கள் செய்ய வேண்டாம், பழைய பள்ளிக்கு நேரிலும் போக வேண்டாம். அந்த ஊரில் அவள் கதை தெரிந்தவர்கள் இருப்பார்கள். "இப்போது எங்கே இருக்கிறாள், யார் வீட்டில்?" என்ற கேள்விகள் கிளம்பும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள், அவர் அலுவலகத்திலிருந்து பேசட்டும். நீங்கள் குழுவின் உத்தரவு நகலோடு ஒரு பக்கக் கடிதம் எழுதித் தலைமையாசிரியரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்தில் வந்துவிட்ட எதையும் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்வது கடினம். அதற்கும் அசையவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள், இல்லையேல் பள்ளிக் கல்வித் துறையின் 14417 உதவி எண்ணில் பேசுங்கள்.

இனி, ஆசிரியையிடம் எவ்வளவு சொல்வது? தலைமையாசிரியருக்கும் வகுப்பாசிரியைக்கும் மூன்று விஷயம் தெரிந்தால் போதும்: குழந்தை யார் பொறுப்பில் இருக்கிறாள், பள்ளியிலிருந்து அவளை யார் அழைத்துப் போகலாம், யார் வந்தால் அனுப்பக் கூடாது. எந்தச் சமயங்களில் அவள் கலங்குவாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் என்ன நடந்தது, அப்பா என்ன செய்தார், அம்மா எங்கே என்பதெல்லாம் அவளுடைய கதை. அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை வளர்ந்த பிறகு அவளே முடிவு செய்வாள். ஆசிரியர் அறையில் சொன்ன செய்தி மதிய இடைவேளைக்குள் சத்துணவுக் கூடத்துக்குப் போய்விடும் என்பதை, தொடக்கப் பள்ளிகளிலேயே காலம் கழித்தவள் என்ற முறையில் சொல்கிறேன். பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி போன்ற அடையாளங்களை வெளியிடக் கூடாது என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு. பள்ளி வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தைப் போட்டு "ஆதரவற்ற குழந்தைக்கு நோட்டுப் புத்தகம் வழங்கினோம்" என்று எழுதுகிற நல்ல மனத்துக்காரர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

இங்கிலாந்தில் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. அங்கே வளர்ப்புப் பராமரிப்பிலுள்ள பிள்ளைகளுக்கென்று ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் ஓர் ஆசிரியரை நியமித்தாக வேண்டும், சட்டமே அப்படி. பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிக்கல்வித் திட்டம் எழுதி, பருவத்துக்கு ஒருமுறை எல்லாரும் உட்கார்ந்து பார்ப்பார்கள். நம் சட்டத்தில் அது இல்லை. ஆனால் நாம் அப்படிச் செய்யக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை. "இந்தப் பிள்ளைக்கு ஒரே ஓர் ஆசிரியையைப் பொறுப்பாகச் சொல்லுங்கள் ஐயா. அழுகை வந்தால் யாரிடம் போவது என்று அவளுக்குத் தெரிய வேண்டும்" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டு மறுத்த தலைமையாசிரியரை நான் பார்த்ததில்லை. ஒரு தாளில் அவளால் இப்போது என்ன முடிகிறது, அடுத்த பருவத்துக்குள் என்ன வர வேண்டும், யார் உதவுவது என்று எழுதி, பருவத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அதுவே திட்டம்தான்.

படிப்பு பற்றிக் கவலைப்படுகிறீர்கள். என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். சத்துணவில் கொடுக்கும் முட்டையில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொள்வான். மத்தியானம் முழுக்க ஒரு கை அந்த டப்பாவின் மேலேயே இருக்கும். கரும்பலகையை அவன் பார்த்ததே இல்லை. மந்தம் என்று நானே நினைத்தேன், இன்றும் அதற்காக வருந்துகிறேன். ராத்திரிக்குச் சோறு உண்டா என்ற கணக்கு அவன் தலையில் ஓடிக்கொண்டிருந்தபோது, வாய்ப்பாடு எங்கே ஏறும்? அந்தக் கணக்கு அடங்க அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. அடங்கிய பிறகு, இரண்டே மாதத்தில் வாசிக்கத் தொடங்கினான். உங்கள் வீட்டில் மூன்று வேளையும் சோறு இருக்கிறது என்பதை அவள் வயிறு நம்பக் கொஞ்ச காலம் ஆகும். காலை உணவுத் திட்டத்தில் பள்ளியிலும் சாப்பிட்டுக்கொள்ளட்டும், வீட்டில் சாப்பிட்டாயிற்றே என்று தடுக்க வேண்டாம்.

கூடவே, கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். வீடு மாறி வீடு மாறி வந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் செய்திருக்க மாட்டார்கள். பள்ளிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழு வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதன் பிறகு எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அவள் எந்த நிலையில் இருக்கிறாள் என்று ஆசிரியையிடம் கேளுங்கள். அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி கொடுக்கும் திட்டம் அது. 2022-இல் முதல் மூன்று வகுப்புகளுக்குத் தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்துக்கும் வந்தது. அரும்பு நிலை என்றால் அங்கிருந்தே தொடங்கட்டும், கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் வகுப்பைக் குறைத்து இரண்டாம் வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டதைச் சிறப்புப் பயிற்சியில் பிடிக்க வேண்டும் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு. தன்னைவிட ஒரு முழம் சிறிய பிள்ளைகளோடு உட்கார வைப்பது அவளுக்குத் தண்டனை.

'என் குடும்பம்' பாடத்தை எடுத்த ஆசிரியையைக் கோபிக்காதீர்கள், அவருக்குத் தெரிந்திருக்காது. "எனக்குப் பிடித்தவர்கள்" என்று தலைப்பை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள், மொத்த வகுப்புக்குமே அப்படி வைக்கலாம். தகப்பன் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, பாட்டி வளர்க்கும் பிள்ளை என்று இன்னும் நாலு பேர் அதில் நிம்மதி அடைவார்கள்.

பெற்ற தாய் பார்க்க வரும் நாள் குறித்திருந்தால், முந்தைய நாளே வகுப்பாசிரியைக்குச் சொல்லிவிடுங்கள். அதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் அவள் எழுத மாட்டாள், யாரையாவது கிள்ளுவாள். அந்த நாட்களில் வீட்டுப்பாடம் கேட்க வேண்டாம். அடிப்பதும் அவமானப்படுத்துவதும் எந்த நாளும் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. மாதாமாதம் பார்வையிட வரும் அதிகாரிகளிடமும் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: பள்ளி வாசலில் அரசு ஜீப்பை நிறுத்தி, வகுப்பிலிருந்து அவளை அழைத்து விசாரிக்க வேண்டாம், மாலையில் வீட்டுக்கு வாருங்கள் என்று.

இன்னொன்று. ஒருநாள் அவள் பெற்றோரிடமோ வேறொரு வீட்டுக்கோ போகலாம். அதற்காக இன்றே ஒரு துணிப்பை எடுத்து வையுங்கள். எமிஸ் எண் எழுதிய சீட்டு, மதிப்பெண் அட்டை, அந்த ஒரு பக்கத் திட்டம், முடிந்துபோன நோட்டுகள், வரைந்த படங்கள் எல்லாம் அதில் சேரட்டும். அடுத்த பள்ளி முதலிலிருந்து தோண்ட வேண்டியிருக்காது. கிழித்துக் கொண்டுவந்த அந்தத் தாளை எறிந்துவிடவில்லையே? துண்டுகளை ஒரு உறையில் போட்டு அந்தப் பையிலேயே வையுங்கள். அவள் கேட்கும்போது எடுத்துக் கொடுங்கள்.