வாசகர் கேள்வி பதில்: ஜான் டூயியின் பள்ளியும் கேரி நகரத்துப் பள்ளியும்

கேள்வி: 'செய்து கற்றல்' என்று அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயியைப் பற்றி எங்கள் பாடத்தில் பக்கம் பக்கமாக வருகிறது. அந்த முறை அமெரிக்காவில் ஏழைப் பிள்ளைகளுக்கும் கிடைத்ததா?
– பி.எட். மாணவி, திருநெல்வேலி

பதில்: கிடைத்தது. பேர் மட்டும்தான் ஒன்று, சரக்கு வேறு.

1896-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டூயி தொடங்கிய பள்ளி கட்டணம் வாங்கிய பள்ளி. படித்த, வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் அங்கே அதிகம். அதில் ஒரு பாடம். கொட்டை நீக்காத பருத்தியைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பஞ்சைப் பிரிக்கச் சொன்னார்கள். அரை மணி நேரம் மல்லுக்கட்டியும் ஒரு அவுன்ஸ்கூடத் தேறவில்லை. முன்னோர்கள் ஏன் பருத்தியை விட்டுக் கம்பளியையே அதிகம் உடுத்தினார்கள், கொட்டையைப் பிரித்தெடுக்கும் ஜின்னிங் இயந்திரம் வந்தது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே பிடிபட்டது. அருமையான பாடம்தான், மறுக்கவே முடியாது.

அதே காலத்தில் மிசிசிப்பி, அலபாமா பக்கம் கறுப்பினப் பிள்ளைகளின் கையிலும் பருத்தி இருந்தது. பருத்தி எடுப்புக்காக அவர்களுடைய பள்ளியை மூடிவிடுவார்கள். கிராமப்புறங்களில் ஆண்டுக்கு நாலைந்து மாதம் வகுப்பு நடந்தாலே பெரிது. டூயி பள்ளி திறந்த அதே 1896-இல்தான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் 'தனித்தனி, ஆனால் சமம்' என்ற தீர்ப்பைக் கொடுத்தது. தனி என்பது நடந்தது, சமம் என்பது பணம் ஒதுக்கும்போது காணாமல் போனது. 1912 முதல் 1932 வரை தென் மாநிலங்களில் ரோசன்வால்ட் என்ற வள்ளலின் நிதியுதவியோடு கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஏறத்தாழ 5,000 பள்ளிகள் எழும்பின. அதற்கும் கறுப்பின மக்கள் அரசுக்கு வரி கட்டிய பிறகு, தனியாகக் கைக்காசும் நிலமும் உடலுழைப்பும் போட வேண்டியிருந்தது.

கேள்வி: 1917-இல் நியூயார்க்கில் பள்ளிப் பிள்ளைகளே தெருவில் இறங்கிக் கல்லெறிந்தார்கள் என்று படித்தேன். நல்ல கல்வித் திட்டத்தை எதிர்த்தா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கரூர்

பதில்: 'நல்ல' என்று யார் சொன்னார்கள் என்பதில்தான் சண்டையே, ஐயா.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஓர் உருக்கு நிறுவனம் 1906-இல் உருவாக்கிய ஊர் கேரி. மறுவருடம் அங்கே கல்வி அதிகாரியாக வந்த வில்லியம் வெர்ட் 'செய்து கற்றல்' வழியில் ஒரு கணக்குப் போட்டார்: பாதிப் பிள்ளைகள் வகுப்பில் இருக்கும்போது மீதிப் பேர் பட்டறை, விளையாட்டுத் திடல், அரங்கம் என்று சுற்றினால் ஒரே கட்டடத்தில் இரண்டு மடங்கு பேரைப் படிக்க வைக்கலாம். நீச்சல் குளம், அச்சுக்கூடம், தச்சுப் பட்டறை எல்லாம் இருந்தன, பல ஊர்ப் பள்ளிகள் கனவுகூடக் காண முடியாத வசதிகள். இடநெருக்கடியில் திணறிய நியூயார்க்கில் மேயர் மிட்செல் இதைப் பிடித்துக்கொண்டார். ஆனால் யூதக் குடியேறிகளும் மற்றத் தொழிலாளர் குடும்பங்களும் அதை வேறு மாதிரிப் பார்த்தார்கள்: நாங்கள் தையல் கூடத்தில் கிடப்பது போதாதா, பிள்ளையையும் பட்டறைக்கே தயார் செய்கிறீர்களா, புதுப் பள்ளிக்கூடம் கட்டக் காசில்லாமல் இருக்கிற கட்டடத்திலேயே திணிக்கிறீர்களா என்று. அக்டோபரில் கலவரம் வெடித்தது, கண்ணாடிகள் உடைந்தன. நவம்பர் தேர்தலில் மிட்செல் தோற்றார், ஜெயித்த ஹைலன் திட்டத்தைத் தூக்கிப் போட்டார். அரசியல்வாதிகள் எண்ணெய் ஊற்றினார்கள் என்பது நிஜம்தான், ஆனாலும் அந்தப் பெற்றோரின் சந்தேகத்தை அறியாமை என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம், கேரியிலேயே என்ன நடந்தது தெரியுமா? 1927-இல் அங்கே எமர்சன் பள்ளியில் கறுப்பின மாணவர்கள் சுமார் இரண்டு டஜன் பேர். அதற்கே வெள்ளை மாணவர்கள் நூற்றுக்கணக்கில் வெளிநடப்பு செய்தார்கள். நகர நிர்வாகம் பணிந்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனியாகப் பள்ளி கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டது. கூடி வேலை செய்து ஜனநாயகம் பழகலாம் என்று உலகம் வந்து பார்த்துவிட்டுப் போன ஊர் அது!

கேள்வி: இதெல்லாம் டூயிக்குத் தெரியாதா?
– வாசகர், மதுரை

பதில்: பாதி தெரியும். சிகாகோ இருக்கும் இல்லினாய் மாநிலத்தில் தொழிற்பள்ளியைப் பொதுப்பள்ளியிலிருந்து பிரித்துத் தனி நிர்வாகத்தில் வைக்க முயன்ற மசோதாவைக் கடுமையாக எதிர்த்தார். அது தொழிலாளியின் பிள்ளையைத் தொழிலாளியாகவே நிறுத்திவிடும் என்று அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. நிற விஷயத்தில் அந்தக் கூர்மை இல்லை. 1909-இல் கறுப்பின உரிமைக்கான மாநாட்டில் பேசியவர்தான். ஆனால் 1915-இல் மகள் எவலினோடு எழுதிய 'Schools of To-Morrow' (நாளைய பள்ளிகள்) என்ற நூலில், கேரியைப் புகழ்ந்த கையோடு, இண்டியானாபொலிஸில் கறுப்பினப் பையன்கள் தச்சு வேலையும் செருப்புத் தைப்பதும் பழகிய ஒரு பள்ளியையும் புகழ்கிறார். அந்தப் பையன்களுக்கு அதைத் தாண்டி நகரத்தில் என்ன வேலை கிடைக்கும் என்ற இடத்தில் அவர் அதிகம் நிற்கவில்லை. திருநெல்வேலி மாணவி தேர்வுக்குப் பிறகாவது அந்த அத்தியாயத்தைத் தேடிப் படிக்கட்டும்.